முன்சக்கரத்தினுள் நமது ரப்பர்
பழைய மினி காரின் தேய்ந்த புஷ்களை மாற்றும் முறை

விடியற்காலையில் நாம் சீவும் பால் எங்கே போய்ச் சேருகிறது? மங்கில் வடிந்த பால் கொட்டகையில் நிறுக்கப்படுவதையும், ஆலையில் கட்டியாக உருமாறி லாரியில் ஏறுவதையும் நாம் கண்ணாரக் காண்கிறோம். அதற்கு அப்பால் அதன் பயணத்தை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. டயர் செய்வார்கள், கையுறை செய்வார்கள் என்ற அளவில் நம் அறிவு நின்றுவிடுகிறது.

ஆனால், ஒரு மோட்டார் வண்டியின் முன்சக்கரங்களுக்குப் பின்னால், சேறும் தூசியும் படிந்த இடத்தில், கட்டை விரல் பருமனே உள்ள சில ரப்பர்த் துண்டுகள் ஒளிந்திருக்கின்றன. பட்டறைகளில் இவற்றை 'புஷ்' என்பார்கள். வண்டி வாங்குபவர் எவரும் இவற்றைப் பார்த்து வாங்குவதில்லை. எனினும், மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி நேராக நிற்பதும், பக்கத்துப் பள்ளத்தை நோக்கி இழுப்பதும் பெருமளவு இந்தத் துண்டுகளின் நலத்தைப் பொறுத்தே இருக்கின்றன.

நம் தோட்டங்களிலும் அருகிலுள்ள சிற்றூர்களிலும் பழைய கார்களைப் பேணி வைத்திருப்போர் உண்டு. தந்தை வாங்கிய வண்டியை மகன் ஓட்டுவதுண்டு. ஓய்வு பெற்றவர் பழைய வண்டி ஒன்றை வாங்கித் தம் கையாலேயே பழுது பார்ப்பதுண்டு. அத்தகையோர்க்குப் பயன்படும்பொருட்டு, புகழ்பெற்ற பழைய மினி காரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, தேய்ந்த முன்புறப் புஷ்களை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு மாற்றுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

புஷ் என்பது யாது?

வண்டியின் சக்கரம் மேடு பள்ளங்களில் மேலும் கீழும் அசைய வேண்டும். ஆனால் முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அது அசையக் கூடாது. இதற்காகச் சக்கரத்தின் குடத்தை வண்டியின் சட்டத்தோடு இரும்புக் கைகள் இணைக்கின்றன. கதவு கீலில் ஆடுவதுபோல் இந்தக் கைகள் சட்டத்தில் ஆடுகின்றன. கை சட்டத்தோடு சேரும் அந்தக் கீலில்தான் புஷ் இருக்கிறது.

முற்காலத்தில் இந்த இடத்தில் வெண்கலத்தாலோ எஃகினாலோ ஆன புஷ்களை வைத்தார்கள். உலோகத்தின்மேல் உலோகம் உராய்வதால் அடிக்கடி கிரீஸ் ஊட்ட வேண்டியிருந்தது. ஊட்ட மறந்தால் கிறீச்சிடும். விரைவில் தேய்ந்து ஆட்டம் காணும். மேலும், சாலையின் அதிர்ச்சி முழுவதும் வண்டிக்குள் இருப்போரின் முதுகுக்கு வந்து சேரும்.

ரப்பர் புஷ் இந்தத் தொல்லைகளை நீக்கியது. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். ஓர் அங்குலக் கனமுள்ள ரப்பர்த் துண்டை இரு உள்ளங்கைகளுக்கு இடையே அழுத்திப் பிடித்து, ஒரு கையை மட்டும் சற்றே திருப்புங்கள். ரப்பர் கையில் வழுக்குவதில்லை, தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்கிறது. கையை விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. புஷ்ஷும் அவ்வாறே. அதன் உட்புறம் அச்சாணியைப் பற்றிக்கொள்கிறது. வெளிப்புறம் கையைப் பற்றிக்கொள்கிறது. இடையிலுள்ள ரப்பர் மட்டும் முறுக்கி மீள்கிறது. உராய்வு இல்லை, ஆதலால் கிரீஸும் தேவையில்லை.

இந்த ஒரு கருத்தை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புஷ் சுழல்வதில்லை, முறுக்குகிறது. இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறப்படும் மிக முக்கியமான எச்சரிக்கைக்கு அடிப்படை இதுவே.

இத்தகைய வேலைக்கு இயற்கை ரப்பர் மிகவும் ஏற்றது. பல்லாயிரம் முறை இழுத்து விட்டாலும் அது எளிதில் சோர்வதில்லை. கிழிசலை எதிர்த்து நிற்கும் வலிமை அதற்கு உண்டு. முறுக்கும்போது அதிகமாகச் சூடேறுவதுமில்லை. எனவே, செயற்கை ரப்பர் பல துறைகளில் புகுந்துவிட்ட இக்காலத்திலும், அதிர்ச்சி தாங்கும் உறுப்புகளில் இயற்கை ரப்பருக்குத் தனி இடம் இருந்து வருகிறது.

ரப்பரையே நம்பிப் பிறந்த கார்

மினி காரை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இக்காரை அறிமுகப்படுத்தியது. இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மோரிஸ் மைனர் காரை உருவாக்கியவரும் அவரே. நால்வர் அமரக்கூடிய காரை இயன்றவரை சிறிதாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். 10 அங்குலச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. எஞ்சின் குறுக்காகத் திருப்பி வைக்கப்பட்டது. எஃகுச் சுருள்வில் வைக்கவும் அங்கே இடம் போதவில்லை.

அப்போது கைகொடுத்தது ரப்பர். அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியாளர் எஃகு வில்லுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ ரப்பர் வில்லை அமைத்துக் கொடுத்தார். ரப்பர் கூம்புக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. அழுத்த அழுத்த அது மேலும் இறுகுகிறது. சுமார் 600 கிலோ எடையுள்ள வண்டியில் நால்வர் ஏறினால் சுமை ஏறக்குறைய பாதியளவு கூடிவிடுகிறது. ஒருவர் இருக்கும்போது மெத்தென்றும், நால்வர் இருக்கும்போது உறுதியாகவும் இருக்கக்கூடிய வில் தேவைப்பட்டது. ரப்பர் அத்தேவையை நிறைவேற்றியது.

இந்த மோல்டனின் குடும்ப வரலாறும் நமக்குத் தொடர்புள்ளதே. ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதி பெறும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அம்முறையில் செய்த ரப்பரின் மாதிரிகளை அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றவர் ஸ்டீபன் மோல்டன். அவர் 1848இல் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் ரப்பர் ஆலை நிறுவினார். அவருடைய கொள்ளுப்பேரனே மினி காருக்கு ரப்பர் வில் தந்த அலெக்ஸ் மோல்டன்.

ஸ்டீபன் மோல்டனின் ஆலை தொடங்கியபோது நம் நாட்டில் ஒரு ரப்பர் மரமும் இல்லை. பிரேசில் நாட்டு விதைகள் ஹென்றி விக்கம் என்பவரால் 1876இல் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றில் முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பின்னர் எழுந்த தோட்டங்களில் காடு வெட்டியவர்களும், கன்று நட்டவர்களும், பால் சீவியவர்களும் நம் முன்னோரே.

மினி கார் 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதம்வரை தயாரிக்கப்பட்டது. 53 இலட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. இடையில் 1964ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள், இவ்வகைக் கார்கள் பலவற்றில் நீர்மமும் ரப்பரும் இணைந்த வேறோர் அமைப்புப் பொருத்தப்பட்டது. அவ்வகை வண்டி வைத்திருப்போர் அதற்குரிய கையேட்டையே பின்பற்ற வேண்டும். இங்குக் கூறப்படுவது ரப்பர்க் கூம்பு உள்ள வண்டிகளுக்கு உரியது.

எங்கெங்கே புஷ் உண்டு?

மினியின் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மூன்று உறுப்புகள் பிடித்து நிற்கின்றன. முதலாவது மேற்கை. ரப்பர்க் கூம்பின் பாரத்தை இதுவே சுமக்கிறது. இது ஊசி உருளைகளின்மேல் ஆடுவதால், இதற்கு மட்டும் கிரீஸ் ஊட்ட வேண்டும். இரண்டாவது கீழ்க்கை. பட்டறையில் 'லோவர் ஆர்ம்' என்பது இதுவே. இதன் உள்முனையில், அச்சாணியைச் சுற்றி, முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு ரப்பர் புஷ்கள் உள்ளன. மூன்றாவது இழுகம்பி. பட்டறையில் இதை 'டை பார்' என்பார்கள். கீழ்க்கையிலிருந்து வண்டியின் முன்சட்டம்வரை இது நீண்டு செல்கிறது. முன்சட்டத்தில் இது நுழையும் துளையின் இருபுறமும் ஒவ்வொரு ரப்பர் புஷ் உண்டு.

ஆக, ஒரு பக்கத்துக்கு நான்கு. இரு பக்கங்களுக்கும் எட்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அதைத் தடுத்து இழுத்துப் பிடிப்பது இழுகம்பி. அந்தப் பெரும் விசை முழுவதும் கம்பியின் முனையிலுள்ள சிறிய ரப்பர் புஷ்ஷின்மேல் விழுகிறது. ஒரு பக்கத்துப் புஷ் மட்டும் நைந்திருந்தால், அப்பக்கச் சக்கரம் சற்றுப் பின்வாங்கும். அதனால் இரு சக்கரங்களின் நேர்வாகும் மாறுபட்டு, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். காய்ந்த சாலையில் ஓட்டுபவர் இதைச் சமாளித்துவிடலாம். மழையில், எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும் வேளையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

புஷ் கெடுவதற்குக் காரணங்கள்

ரப்பரின் பகைவர்களை நாம் நன்கு அறிந்துகொள்ள வேண்டும்.

முதற்பகை எண்ணெய். இயற்கை ரப்பர் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் பெட்ரோல், டீசல், எஞ்சின் எண்ணெய் ஆகியவை பட்டால் ஊறி, உப்பி, வலுவிழந்து போகும். மினி காரில் எஞ்சினுக்கு அடியிலேயே கியர்ப்பெட்டி உள்ளது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். பழைய வண்டிகளில் அங்கே கசிவு ஏற்பட்டால் எண்ணெய் கீழ்க்கைப் பக்கம் பரவுகிறது. கசிவை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் பகை காற்றிலுள்ள ஓசோன். இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரின் மேற்பரப்பில் இது நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகிறது. நெடுங்காலம் ஓடாமல் நிறுத்தி வைத்த வண்டியிலும் புஷ் வெடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்றாம் பகை வெப்பம். நான்காவது, நம் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் உள்ள குண்டு குழிகள். நல்ல தார்ச்சாலையில் பல்லாண்டு உழைக்கும் புஷ், இத்தகைய பாதையில் அதற்கு முன்பே தளர்ந்துவிடும்.

அறிகுறிகள் எவை?

பின்வரும் அறிகுறிகளில் எது தென்பட்டாலும் உடனே கவனிக்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தல். புறப்படும்போதும் நிறுத்தும்போதும் முன்புறத்தில் 'டொக்' என்ற ஓசை எழுதல். நேர்ச்சாலையிலும் ஓயாமல் திருப்புச் சக்கரத்தைத் திருத்த வேண்டியிருத்தல். முன் டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் விரைவாகத் தேய்தல்.

ஐயம் எழுந்தால், ஒரு கைவிளக்கைக் கொண்டு புஷ்களைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருக்கிறதா, பிதுங்கியிருக்கிறதா, அச்சாணி துளையின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தபின், ஒருவர் உள்ளே அமர்ந்து கால் பிரேக்கை அழுத்திக்கொள்ள, மற்றொருவர் வண்டியை முன்னும் பின்னும் அசைக்கட்டும். மூன்றாமவர் பக்கவாட்டில் நின்று இழுகம்பியின் முன்முனையைப் பார்க்கட்டும். கம்பி துளைக்குள் முன்னும் பின்னும் நகருவது தெரிந்தால், அந்தப் புஷ்களின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இவ்வறிகுறிகள் வேறு காரணங்களாலும் தோன்றக்கூடும். பிரேக்கில் உள்ள குறையும், பந்து மூட்டின் தேய்மானமும், டயரில் காற்றுக் குறைவும் இவற்றைப் போன்ற விளைவையே தரும். எனவே அவற்றையும் சேர்த்தே சோதிக்க வேண்டும்.

வேலைக்கு முன் ஆயத்தம்

முதலில் நம் உயிர், பிறகுதான் வண்டி. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே உரியது. தாங்கி நிற்பதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பது தற்கொலைக்குச் சமம். செங்கல்லும் கற்பாளமும் திடீரென நொறுங்கிவிடும். அவற்றையும் பயன்படுத்தக் கூடாது. இதற்கென்றே விற்கப்படும் இரும்புத் தாங்கிகள் இரண்டு தேவை. மண் தரையில் தாங்கி புதைந்துவிடுமாதலால், சமமான சிமெண்டுத் தரையிலேயே வேலை செய்ய வேண்டும்.

மினியின் நட்டுகள் அங்குல அளவுடையவை. மில்லிமீட்டர் ஸ்பானரைக் கொண்டு முயன்றால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். எனவே அங்குல ஸ்பானர்கள், பந்து மூட்டைப் பிரிக்கும் கருவி, கம்பித் தூரிகை, துருவை இளக்கும் எண்ணெய், இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர் ஆகியவற்றைத் திரட்டிக்கொள்ளுங்கள். எட்டுப் புஷ்களோடு புதிய பூட்டு நட்டுகளையும் வாங்கிக்கொள்வது நலம். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சிக்கனம் போல் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் இழுக்கும் குறை நீங்காது.

பழைய நட்டுகளின்மேல் முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெயை இட்டு வைத்தால், மறுநாள் பாதி வேலை முடிந்ததுபோல் ஆகும்.

மாற்றும் முறை

1. கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதன் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பிறகு முன்சட்டத்தின் கீழ் ஜாக்கியை வைத்துத் தூக்கி, அதே சட்டத்தின் கீழ்த் தாங்கிகளை இருத்துங்கள். வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்து, அது உறுதியாக நிற்பதை அறிந்த பின்னரே சக்கரத்தைக் கழற்றுங்கள்.

2. சேற்றையும் துருவையும் கம்பித் தூரிகையால் அகற்றுங்கள். அவ்வாறு சுத்தம் செய்யும்போது முன்சட்டத்தையும் கூர்ந்து பாருங்கள். சட்டமே துருப்பிடித்து இற்றிருந்தால் புஷ் மாற்றிப் பயனில்லை. அது பட்டறையில் கவனிக்கப்பட வேண்டிய பெரிய வேலை.

3. இழுகம்பியின் முன்முனையிலுள்ள நட்டைத் தளர்த்துங்கள். பிறகு இழுகம்பியைக் கீழ்க்கையோடு பிணைக்கும் போல்ட் இணைப்பைக் கழற்றுங்கள். முன்முனை நட்டையும் கிண்ணம் போன்ற வாஷரையும் எடுத்து, கம்பியைப் பின்புறமாக உருவி எடுங்கள். வாஷரின் குழிந்த பக்கம் எத்திசை நோக்கி இருந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. கீழ்க்கையின் வெளிமுனையிலுள்ள பந்து மூட்டின் நட்டைக் கழற்றி, பிரிக்கும் கருவியால் மூட்டை விடுவியுங்கள். சுத்தியலால் மூட்டின் மரையை நேரே அடிக்கலாகாது, மரை நசுங்கிவிடும். சக்கரக் குடத்தைக் கீழிருந்து முட்டுக் கொடுத்துத் தாங்குங்கள். பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம்.

5. கீழ்க்கையின் உள்முனையிலுள்ள அச்சாணியின் நட்டைக் கழற்றி அச்சாணியை உருவுங்கள். பழைய புஷ்ஷின் ரப்பர் அச்சாணியில் ஒட்டிக்கொண்டு வர மறுப்பதுண்டு. பொறுமையாகத் திருப்பித் திருப்பி இழுத்தால் வந்துவிடும். ரப்பர்க் கூம்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மேற்கையையும் கழற்ற வேண்டியதில்லை.

6. கையை வெளியே எடுத்துப் பழைய புஷ்களை நீக்குங்கள். கை வளைந்திருக்கிறதா, துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா, அச்சாணியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று சோதியுங்கள். குறை இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். துளையின் உட்புறத்தை வெற்றுலோகம் தெரியும்வரை துடையுங்கள்.

7. புதிய புஷ்களைத் துளையின் இரு பக்கங்களிலிருந்தும் உட்செலுத்துங்கள். இறுக்கமாக இருந்தால் சவர்க்கார நீரைத் தடவினால் போதும். எஞ்சின் எண்ணெயையோ சாதாரண கிரீஸையோ தடவுவது பெருந்தவறு. முன்பு கூறியபடி அவை ரப்பரைத் தின்றுவிடும். சவர்க்கார நீர் காய்ந்துவிடும். ரப்பர் உலோகத்தை நன்கு பற்றிக்கொள்ளும்.

8. கழற்றிய முறைக்கு எதிர்முறையில் யாவற்றையும் பூட்டுங்கள். பந்து மூட்டின் நட்டையும், இழுகம்பியைக் கீழ்க்கையோடு சேர்க்கும் போல்ட் இணைப்பையும் கையேடு கூறும் அளவுக்கு முழுமையாக இறுக்கிவிடலாம். ஆனால் அச்சாணியின் நட்டையும் இழுகம்பியின் முன்முனை நட்டையும் விரலால் திருகும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுபக்கத்திலும் இவ்வாறே செய்து முடியுங்கள்.

இறுக்குவதற்கும் ஒரு நேரம் உண்டு

இங்கேதான் பலரும் தவறிழைக்கிறார்கள். வண்டி தாங்கியின்மேல் நிற்க, சக்கரமும் கையும் கீழே தொங்கும் நிலையில் அச்சாணியை இறுக்கிவிடுகிறார்கள். அப்போது ரப்பர் அந்தத் தொங்கிய நிலையிலேயே பற்றிக்கொள்கிறது. வண்டியைத் தரையில் இறக்கியதும் கை மேலே எழுகிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. வண்டி ஓடாமல் நிற்கும்போதும் அந்த முறுக்கு நீங்குவதில்லை. மேட்டில் ஏறும்போது முறுக்கு மேலும் கூடுகிறது. இவ்வாறு ஓய்வே இல்லாமல் முறுக்கப்பட்ட புதுப் புஷ் விரைவிலேயே கிழிந்துவிடுகிறது. 'கடைக்காரன் மட்டமான சாமானைக் கொடுத்துவிட்டான்' என்று நாம் குறை கூறுகிறோம். குறை சாமானில் இல்லை; இறுக்கிய நேரத்தில் இருக்கிறது.

எனவே, சக்கரங்களைப் பூட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். சில அடி தூரம் முன்னும் பின்னும் உருட்டி, முன்புறத்தைக் கையால் சில முறை அழுத்தி விடுங்கள். கைகள் தம் இயல்பான நிலைக்கு வந்துவிடும். அந்நிலையிலேயே அச்சாணியின் நட்டையும் இழுகம்பியின் நட்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். மினி மிகவும் தாழ்வான வண்டியாதலால் அடியில் கை நுழைவது கடினம். உறுதியான சாய்தளங்களின்மேல் முன்சக்கரங்களை ஏற்றி, பின்சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து வேலை செய்வது எளிது. சாய்தளத்தின்மேல் நிற்கும்போது வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல்தான் இருக்கும். ஆதலால் கைகளின் நிலை மாறாது.

இந்த விதி மினிக்கு மட்டும் உரியதன்று. மோரிஸ் மைனர் முதல் 1985இல் வெளிவந்த நம் நாட்டுப் புரோட்டோன் சாகா வரை, ரப்பர் முறுக்கி வேலை செய்யும் புஷ் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதுவே விதி. ஆனால் பல கார்களில் புஷ் எஃகு உறையோடு சேர்ந்தே வருகிறது. அதைப் பொருத்துவதற்கு அழுத்துபொறி தேவைப்படும். அவ்வேலையைப் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதே நன்று.

வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டிப் பார்த்து, பிரேக்கைச் சோதியுங்கள். பிறகு டயர்க் கடையில் முன்சக்கரங்களின் நேர்வாகை அளந்து சரிசெய்துகொள்ளுங்கள். மினியின் முன்சக்கரங்கள், முன்புறம் 1/16 அங்குலம் வெளிநோக்கி விரிந்திருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், புஷ்ஷில் மிச்சப்படுத்திய பணத்தை டயரில் இழக்க நேரிடும். சில நாள் ஓடிய பின்னர் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புஷ்ஷை வாங்குவது?

கடைகளில் ரப்பர் புஷ்களோடு, பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன வண்ண வண்ணப் புஷ்களும் விற்கப்படுகின்றன. அவை எண்ணெய்க்கு அஞ்சுவதில்லை, கடினமானவை. பந்தயத்தில் விரைந்து ஓட்டுவோர் அவற்றை விரும்புகிறார்கள். ஆனால் சாலையின் அதிர்வை அவை அதிகமாக உள்ளே கடத்துகின்றன. உரிய மசகு இடாவிட்டால் கிறீச்சிடுவதும் உண்டு. குடும்பத்தோடு சந்தைக்கும் கோயிலுக்கும் சென்றுவர ஓட்டும் வண்டிக்கு நல்ல ரப்பர் புஷ்ஷே போதுமானது. எதை வாங்கினாலும், எட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும்.

நம் கைக்குத் திரும்பி வரும் ரப்பர்

புஷ் ஏன் கிழிகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் ஒரு செய்தியைக் கூறுகிறார்கள். முறுக்கி மீளும் ரப்பரில் வெடிப்பு எங்கேயோ ஒரு நுண்ணிய குறையிலிருந்துதான் தொடங்குகிறது. ரப்பரோடு கலந்துவிட்ட மணற்பொடியோ பட்டைத் துணுக்கோ அத்தகைய குறையாக அமைந்துவிடும். இதனாலேயே 1965இல் நம் நாடு கொண்டுவந்த எஸ்.எம்.ஆர். தரமுறை, ரப்பரிலுள்ள அழுக்கின் அளவை முக்கிய அளவுகோலாகக் கொண்டது. எஸ்.எம்.ஆர். 5 என்ற தரத்தில் அழுக்கு 0.05 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது 100 கிலோவில் 50 கிராம்!

மங்கைத் துடைத்து வைக்க வேண்டும், ஒட்டுப்பாலில் பட்டை கலக்கக் கூடாது, கட்டிப்பாலை மண்ணில் போடக் கூடாது என்று தண்டல் நாள்தோறும் கூறுவதை நாம் சலிப்போடு கேட்பதுண்டு. அந்தச் சொல்லின் பொருளை ஒரு கிழிந்த புஷ்ஷை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது நன்கு உணரலாம்.

புஷ் செய்யும் அதே வேலையை ரப்பர் மிகப் பெரிய அளவிலும் செய்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1985இல் கட்டி முடிக்கப்பட்ட நீதித்துறைக் கட்டடம் ஒன்று, நில அதிர்ச்சியைத் தாங்கும்பொருட்டு இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிறுத்தப்பட்டுள்ளது. அத்தாங்கிகளுக்கான ரப்பரை உருவாக்கியது இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம். 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாம் பாலத்திலும் இத்தகைய இயற்கை ரப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. அப்பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு வண்டியும் கீழே ரப்பரின்மேலும், தன் சக்கரங்களுக்குள் ரப்பரின்மேலும் செல்கிறது.

இன்று ரப்பர் நிலம் குறைந்து, செம்பனை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது உண்மை. தோட்டத்திலிருந்து வெளியேறி வேறு தொழில் தேடும் இளைஞர்களும் பலர். கைத்திறன் உள்ளவனுக்கு எங்கும் வாழ்வு உண்டு. இக்கட்டுரையில் கூறிய வேலையை ஆர்வத்தோடு செய்யக்கூடிய பிள்ளை நம் வீட்டில் இருந்தால், அவனை அத்தோடு நிறுத்திவிட வேண்டாம். ஐ.எல்.பி. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம். பெண் பிள்ளைகளும் இத்துறையில் பயிலலாம்.

ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்போது உங்கள் வண்டியின் முன்புறத்தைக் குனிந்து பாருங்கள். வெடித்துப் பிதுங்கிய ரப்பர்த் துண்டு ஒன்று அங்கே தென்படலாம். அது நம் தோட்டத்து மரத்தில் என்றோ வடிந்த பாலாகவும் இருக்கக்கூடும். பல்லாண்டு உழைத்த அதற்கு ஓய்வு கொடுத்து, புதியதை முறையோடு பொருத்துவோம். வண்டியில் நம்மோடு வரும் மனைவி மக்களின் பாதுகாப்புக்கு நாம் செய்யும் கடமை அது.